ஐப்பசி, கார்த்திகையில் கிராமத்து வீடு: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

தமிழ்நாட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கிற மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவமழையாகவே கொட்டித் தீர்த்துவிடுகிறது, கடலோர மாவட்டங்களில் அந்தப் பங்கு இன்னும் கூடுதல். அதனால் ஓட்டு வீடு, கொல்லையில் தென்னை, ஒரு கிணறு, மாடு, ஆடு, கோழி என்று இருக்கிற வீட்டில் மற்ற மாதங்களில் தெரியாமல் கிடந்த ஓட்டை உடைசல் எல்லாம் ஐப்பசியில்தான் வெளியே வரும். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆனால் பெரும்பாலானவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் சொட்டுகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் அநேகமாக ஒன்றாக இருக்காது. மழை பெய்யும்போது அது வருகிற வழியைக் கண்டுபிடித்து அடையாளம் வையுங்கள், மழை வெறித்த பிறகு வேலையைச் செய்யுங்கள். கொட்டுகிற மழையில் அவசரமாகக் கூரை ஏறுவதும், வெயில் அடித்ததும் எங்கே ஒழுகியது என்பதையே மறந்துவிடுவதும் சேர்ந்துதான் ஒரே ஓட்டையை வருடா வருடம் அடைக்க வைக்கின்றன. மின்சாரம், பாம்பு, காய்ச்சல் மூன்றும் இதற்கு விலக்கு. அவை காத்திருக்காது என்பதால் அவற்றை முன்னால் வைக்கிறேன்.

சுவரைத் தொட்டால் சுர்ரென்கிறது, மழை வந்தாலே ட்ரிப் ஆகிறது

குழாய், ஈரச் சுவர், ஜன்னல் கம்பி, துவைக்கிற கல், எதைத் தொட்டாலும் லேசாகச் சுர்ரென்றால் அதை அப்படியே விடாதீர்கள். இன்று லேசாக இருப்பது நாளை தரை நன்றாக நனைந்ததும் ஆளைத் தூக்கிவிடும். காய்ந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு மெயினை அணையுங்கள். மெயின் பலகைக்குக் கீழே தண்ணீர் நின்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தை 94987 94987 எண்ணில் அழைத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஷாக் இல்லை, ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச்) மட்டும் விழுந்துகொண்டே இருக்கிறது என்றால் அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம். வீட்டில் போடுகிற ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிவு வந்தாலே அறுத்துவிடும், அதுதான் உயிரைக் காக்கிற அளவு. எல்லா எம்சிபியையும் (ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கிற ஸ்விட்ச்) கீழே இறக்குங்கள், ஆர்சிசிபியை ஏற்றுங்கள், பிறகு ஒவ்வொரு எம்சிபியாக ஏற்றிப் பாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. அந்த லைனில் செருகியிருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். கிராமத்து வீட்டில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் பெரும்பாலும் இவைதான்: வாசல் விளக்கின் ஹோல்டர், கொல்லைப்புறத்து ஸ்விட்ச் பெட்டி, தாழ்வாரத்தில் சாரல் படுகிற வாஷிங் மெஷின், மோட்டாருக்குப் போகிற ஒயரில் டேப் சுற்றி விட்ட ஜாயின்ட். எல்லா எம்சிபியும் கீழே இருக்கும்போதே விழுகிறதா? சாதாரண எம்சிபி கரண்ட் வருகிற பேஸ் ஒயரை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரல் ஒயர் எங்கேயாவது ஈரச் சுவரில் உரசிக்கொண்டிருந்தால் அப்போதும் விழும், அதற்கு எலக்ட்ரீசியன்தான் வர வேண்டும். வருகிறவர் "இதை எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடுகிறேன், தொந்தரவு இருக்காது" என்று சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். தொந்தரவு போகாது, அதைக் காட்டிக்கொடுக்கிற கருவிதான் போகும்.

இதோடு இன்னொன்று. துணி காயப்போட இரும்புக் கம்பி கட்டாதீர்கள், நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் ஒயர் வருகிற இரும்புப் பைப்பிலிருந்து வேப்பமரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டி, ஒயர் தேய்ந்து, ஈரத்துணியோடு அம்மாவும் அவரைக் காப்பாற்றப் போன பிள்ளையும் சேர்ந்து போன செய்தியை மழைக்காலம் தவறாமல் படிக்கிறோம். மின்கம்பத்தின் இழுவைக் கம்பியில் மாட்டைக் கட்டுவதும் அதே ஆபத்துதான்.

ராத்திரி ஏதோ கடித்தது போலிருந்தது, காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை

வளை எல்லாம் தண்ணீரானதும் பாம்புகள் மேட்டைத் தேடும், வீட்டைச் சுற்றி மேடு என்பது நம் வீடுதான். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் என்ற நான்கில் இந்த மாதங்களில் எனக்குப் பெரிய பயம் கட்டுவிரியன்தான். அது ராத்திரியில் நடமாடும், தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கடித்த இடத்தில் பெரிய வலியோ வீக்கமோ இருக்காது. காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்கிப்போவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்று தெரியவரும். ராத்திரி தரையில் படுத்த ஒருவருக்கு இப்படி இருந்தால் பல்தடம் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ எலும்பு முறிந்ததைப் போல அசையாமல் வைத்துக் கூட்டிப்போங்கள், நடக்க விடாதீர்கள். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை, இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான், அது அரசு மருத்துவமனையில் உண்டு.

தடுக்க வேண்டுமென்றால் கட்டில், கொசுவலை, ராத்திரி டார்ச். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் தரையில் படுப்பவருக்கும் அது நல்ல காவல். விறகையும் உடைந்த ஓடுகளையும் சுவரோரம் அடுக்காதீர்கள்.

காய்ச்சல் நாலு நாளாகிறது, டெங்கு இல்லை என்கிறார்கள்

கொல்லை, புதர், வாய்க்கால் கரை என்று புழங்குகிறவருக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு விஷயத்தை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒன்று, உடம்பில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு எங்கேயாவது இருக்கிறதா என்பது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுகுகிற இடம் எல்லாவற்றையும் பாருங்கள். வலிக்காது, அதனால் அவருக்கே தெரியாது. புதரில் இருக்கிற நுண்ணிய பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ் இந்தக் குளிர் மாதங்களில்தான் அதிகம், சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே கேட்கும், தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். இரண்டு, காலில் புண்ணோடு தேங்கின தண்ணீரில் நடந்தாரா என்பது. கெண்டைக்கால் தசை தொட்டாலே வலிப்பதும் கண் சிவப்பதும் எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

ஓட்டுக்கூரை ஒழுகுகிறது

எப்போது ஒழுகுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். லேசான தூறலுக்கே சொட்டினால் ஓடு உடைந்திருக்கிறது, அல்லது இடம் நழுவியிருக்கிறது. தென்னை மட்டை, குரங்கு, பூனை, இவற்றில் ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். பெருமழைக்கு மட்டும் ஒழுகி, தூறலுக்கு ஒழுகவில்லை என்றால் உடைசல் இல்லை, அடைப்பு. இரண்டு சரிவு கூடுகிற இடத்துத் தகரக் கால்வாயில் வேப்பிலையும் புளிய இலையும் மக்கிக் கிடக்கும், தண்ணீர் போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஏறி ஓட்டுக்கு அடியில் இறங்கும். காற்றோடு சாரல் அடிக்கும்போது மட்டும், அதுவும் வடக்கு கிழக்குப் பக்கத்து அறையில் மட்டும் ஒழுகினால் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள், கூரையின் மேல் ஒரு குறையும் இருக்காது. மழை நின்று கொஞ்ச நேரம் கழித்துச் சொட்டத் தொடங்கி நெடுநேரம் நிற்காமல் சொட்டினால் முகட்டு ஓட்டுக்குப் பூசிய கலவை வெடித்துத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது.

சொட்டுகிற இடத்திலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள். தண்ணீர் ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி, ஏதாவது ஆணியோ கணுவோ தடுக்கிற இடத்தில்தான் சொட்டும். டார்ச் அடித்து, கட்டையில் விரலை வைத்து ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தடவிப் போய், அங்கே கரியால் ஒரு கோடு போடுங்கள். பகலில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பார்த்தால் உடைந்த ஓடு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். மழை விடாமல் பெய்தால் உள்ளிருந்தே அந்த ஓட்டைக் கொஞ்சம் தூக்கி, ஒரு தகரத் துண்டையோ தடித்த பிளாஸ்டிக் தாளையோ அதன் மேல்முனை மேல் ஓட்டுக்கு அடியிலும் கீழ்முனை கீழ் ஓட்டுக்கு மேலேயும் வருகிற மாதிரி செருகிவிடுங்கள், இது பொங்கல் வரைக்கும் தாங்கும்.

வெயில் காய்ந்து பாசி உலர்ந்த பிறகு, கைமரத்துக்கு மேலாகக் கால் வைத்து ஏறி ஓட்டை மாற்றுங்கள். தனியாக ஏறாதீர்கள், கீழே ஒருவர் நிற்கட்டும். உடைந்த ஓட்டின் மேல் சிமென்ட் பூசுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, வெயிலில் ஓடு ஒரு விதமாகவும் சிமென்ட் ஒரு விதமாகவும் விரிந்து அடுத்த வருடமே விட்டுப்போகும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் உங்கள் வீட்டுச் சீமை ஓட்டின் அளவில் கிடைத்தால் கொஞ்சம் வாங்கி அடுக்கி வையுங்கள், புதிய ஓடு பழைய ஓட்டோடு சரியாகப் பொருந்துவதில்லை.

மாடி வீடாக இருந்தால் முதலில் தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயைப் பாருங்கள். ஒரு தேங்காய்ப்பஞ்சு உருண்டை போதும், மாடி முழுக்கக் குளமாகி நிற்கும்.

சுவரில் ஓதம்

முழங்கால் உயரம் வரை மட்டும், வெள்ளையாக உப்புப் பூத்து, சுண்ணாம்பு உதிர்ந்தால் தண்ணீர் தரையிலிருந்து ஏறுகிறது. மேலே திட்டாக இருந்தால் கூரை அல்லது மாடி. ஜன்னலைச் சுற்றி மட்டும் என்றால் ஜன்னல் கட்டையின் சரிவு உள்பக்கம் இருக்கும். தரையோர ஓதத்துக்குப் பெயின்ட் அடிப்பது பணத்துக்குக் கேடு. தாழ்வாரத்துத் தண்ணீர் வெறும் மண்ணில் விழுந்து சுவரில் தெறிப்பதுதான் பாதிக் காரணம், அது விழுகிற கோட்டில் ஜல்லியைப் பரப்பி, தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓட ஒரு சிறு வாய்க்கால் வெட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே நல்லது, சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் மேலே ஏறும்.

கிணற்றுத் தண்ணீர் கலங்கிவிட்டது

உடனே மோட்டாரைப் போட்டு முழுக்க இறைத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். சுற்றியுள்ள மண் தண்ணீரால் நிறைந்திருக்கும்போது உள்ளே இருக்கிற தண்ணீர்தான் சுவரைத் தாங்கி நிற்கிறது, வேகமாக வற்ற வைத்தால் பழைய செங்கல் கிணறு உள்வாங்கிவிடும். முதலில் தெருத் தண்ணீர் வாய் வழியாக விழுகிறதா, சுவரில் ஏதோ ஒரு இடத்திலிருந்து கலங்கலாக ஊறுகிறதா என்று பாருங்கள். முன்னதற்குக் கைப்பிடிச் சுவரைத் தூக்கிக் கட்டி, சுற்றிலும் சரிவாகத் தளம் போட வேண்டும். பின்னதற்குக் கோடையில் ஆள் வைத்துத்தான் பூச வேண்டும். எந்தக் காரணத்துக்கும் பாழடைந்த கிணற்றுக்குள் தனியாக இறங்காதீர்கள், உள்ளே காற்றில் உயிர்வளி குறைவாக இருக்கலாம்.

கலங்கல் தெளிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் போடுங்கள். நல்ல பவுடராக இருந்தால் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, 4ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும், ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28,000 லிட்டர், அதற்கு 70 கிராம். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் குழைத்து, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தண்ணீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, கயிற்றில் இறக்கித் தண்ணீருக்குள் மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். வண்டலை வெளியே கொட்டிவிடுங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் எடுக்கக் கூடாது என்பதால் ராத்திரி படுக்கப் போகும் முன் செய்வது வசதி. பாக்கெட்டைத் திறந்தால் மூக்கில் ஏறாத பவுடர் நமுத்துப்போனது, அதைப் போட்டுப் பயனில்லை. குடிக்கிற தண்ணீரை இந்த மாதங்களில் எப்படியும் காய்ச்சுங்கள்.

மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் வரவில்லை

உம்மென்ற சத்தம் மட்டும் வந்து சுற்றவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், வைத்துக்கொண்டே இருந்தால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பி கருகும். வோல்டேஜைப் பாருங்கள், அது சரியென்றால் கெப்பாசிட்டர், அதுவும் சரியென்றால் சிக்கிக்கொண்டிருக்கிறது. சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் இல்லை என்றால் குழாயின் அடிமுனையில் இருக்கிற புட் வால்வில் இலையோ வண்டலோ மாட்டித் தண்ணீர் கீழே இறங்கிவிட்டிருக்கும். புயலுக்குப் பிறகு லைன் வேலை முடிந்து கரண்ட் வந்த நாளில் த்ரீ பேஸ் மோட்டார் ஒல்லியாகத் தண்ணீர் விட்டால் பேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிணற்றுப் படியில் வைத்த மோட்டார் மூழ்கியிருந்தால், தண்ணீர் வடிந்துவிட்டது என்பதற்காக ஸ்விட்சைப் போடாதீர்கள், கழற்றி உலர்த்தி மெக்கானிக் சோதித்த பிறகுதான்.

கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை

மழை விட்டு இரண்டு நாளில் தானாகச் சரியாகி, மழை வந்ததும் மறுபடி நின்றால் அடைப்பு இல்லை, உறிஞ்சு குழியைச் சுற்றி நிலத்தடி நீர் ஏறியிருக்கிறது. அப்போது லாரி வைத்து உறிஞ்சினால் காலியான தொட்டி மண்ணிலிருந்து மேலே கிளம்பவோ வெடிக்கவோ கூடும். குளியல் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டு, நீர்மட்டம் இறங்கும்வரை பொறுங்கள்.

மாடு தீவனத்தைத் தொடவில்லை

எங்கே பார்ப்பது என்பதுதான் இங்கேயும் முதல் கேள்வி. வாயில் நுரை, நாக்கில் கொப்புளம், குளம்பிடுக்கில் புண், நொண்டல் என்றால் கோமாரி. மாட்டைத் தனியாகக் கட்டுங்கள், கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962ஐ அழையுங்கள், கன்றை அதன் பாலைக் குடிக்க விடாதீர்கள். இடது பக்க வயிறு மத்தளம் போல் உப்பினால் ஈரத் தளிர்ப்புல்லை அளவுக்கு மீறி மேய்ந்திருக்கிறது. இது சில மணி நேரத்திலேயே மாட்டின் உயிரைக் கேட்கும் விஷயம், தலையைத் தூக்கிப் பிடித்து எண்ணெய் ஊற்றி அது மூச்சுக்குழலில் போய் மாடு செத்ததும் உண்டு, அதனால் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். மடி சூடாக, கல்லாக இருந்து பால் திரிந்தால் மடிநோய், சகதியில் படுப்பதால் வருகிறது. கால்நடைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரப்பிய முறை இதற்கு நன்றாகக் கேட்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலை முழுக்கப் பீய்ச்சிய பிறகு மடி முழுக்கத் தடவ வேண்டும், பகலில் எட்டு பத்துத் தடவையாவது. முதல் நாளே தொடங்கினால்தான் பலன். இரத்தம் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ ஊசிதான்.

செம்மறியாட்டுக்கு முகம், உதடு வீங்கி நாக்கு நீலம் பாய்ந்தால் நீலநாக்கு நோய், சிறு பூச்சிகள் பரப்புவது, பட்டியில் சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுங்கள். கொழுத்த குட்டி ஒன்று திடீரென்று துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி, மிச்சம் இருக்கிறதை அன்றைக்கே புதுப்புல்லிலிருந்து நிறுத்துங்கள். கோழி முட்டை குறைந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம், மார்கழி வரை பகல் பதினொன்றரை மணி நேரமாகக் குறுகுகிறது, முட்டைக்கு அதைவிட நீண்ட வெளிச்சம் வேண்டும்.

தென்னையின் நடுக்குருத்து வாடுகிறது

குருத்தைப் பிடித்து மெல்ல இழுங்கள். கையோடு வந்து அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் குருத்தழுகல், ஈரத்தில் பரவுகிற பூஞ்சணம். அழுகிய பகுதியை நல்ல சதை தெரியும்வரை சுரண்டி எடுத்து, 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டரிலும் 100 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியே கரைத்துச் சேர்த்த பசையைத் தடவி, மழை படாமல் மூடிக் கட்டுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. பக்கத்து மரங்களுக்கு இதே மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீத போர்டோ கலவையைக் குருத்தில் ஊற்றுங்கள். குருத்து நாறாமல், விரிந்த மட்டை மட்டும் விசிறி வெட்டியது போல முக்கோணமாக நறுக்கப்பட்டிருந்தால் அது காண்டாமிருக வண்டு, மரத்தில் கம்பியால் குத்தி எடுப்பதோடு எருக்குழியையும் கிளறுங்கள், புழு அங்கேதான் வளர்கிறது.

புயலில் சாய்ந்த மரத்தைப் பற்றிக் கடைசியாக. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா போனபோது எங்கள் பக்கம் தோப்பு தோப்பாக விழுந்ததில், முறிந்ததற்கும் சாய்ந்ததற்கும் வித்தியாசம் பார்க்காமல் எல்லாவற்றையும் அறுத்தவர்கள் உண்டு. தண்டு முறியாத இளமரமாக, ஒரு பக்க வேராவது மண்ணைப் பிடித்திருந்தால் அடிமட்டைகளைக் கழித்துவிட்டு, மெதுவாக நிமிர்த்தி, வேர்ப்பகுதியில் மண் அணைத்து, மூன்று பக்கமும் முட்டுக் கொடுத்துப் பாருங்கள். புதுக்குருத்து வருகிறதா என்று தை, மாசி வரை பார்த்துவிட்டு அப்புறம் அரிவாளை எடுங்கள்.